குளிர்காலக் கட்டணம்

பெருங்குடி, ஏழாவது மாடி.
ஹெட்செட்டை மாட்டினால் என் பெயர் நதீன்.
கழற்றினால் நப்பின்னை.

மூன்று வருடமாய் நான் அறை விற்கும் ஊருக்கு
நான் போனதில்லை.
கேட்டுப் பாருங்கள், சொல்வேன்:
ரயிலடியிலிருந்து கடலுக்குப் பதினோரு நிமிடம்.
சூதாட்ட விடுதி தாண்டி இடப்பக்கம்
பலகை பாவிய நடைபாதை.
டிசம்பரில் குடைகளையெல்லாம் மடக்கிக் கட்டியிருப்பார்கள்.
நாய்களுக்கு அனுமதி உண்டு.
சிப்பிக்கறி சட்டி பதினாறு யூரோ.
கடல் வற்றுகிற நேரமும் ஏறுகிற நேரமும்
என் திரையில், நிமிடக் கணக்கில்.

குளிர்காலத்தில் போன் அடிக்காது.
அடித்தால் அது மதாம் ஒபேர்.
ஒரே ஒரு நாள், ஒரே ஒரு அறை, கடல் பார்த்தது.
காலையில் வந்து மாலை ரயிலில் போய்விடுவாராம்.
இரவுக்கும் சேர்த்துத்தான் காசு மதாம், என்பேன்.
தெரியுமம்மா,
கால் நீட்ட ஒரு கட்டில் வேண்டாமா, என்பார்.
அப்புறம் கேட்பார்:
இன்றைக்குக் கடல் எப்படி இருக்கிறது?

என் ஜன்னலுக்கு வெளியே
சதுப்புநிலத்தில் ஊர்க்குப்பை புகைந்துகொண்டிருக்கும்.
நான் கேமராவைத் திறந்து பார்த்து
சாம்பல் நிறம், என்பேன். அமைதி.

சவரிதான் ஆரம்பித்தான், அடுத்த மேசை.
புதுச்சேரிக்காரன். பிரெஞ்சு
அப்பாவின் பென்ஷனோடு அவன் வீட்டுக்கு வந்தது.
‘குளிர்காலத்தில் ஒரு பகல்’ என்று
நாம் எல்லாருக்கும் அனுப்புகிற அந்தத் தாள் இருக்கிறதே,
அதன்படி ஒருநாள் நடந்து பார்ப்போமா என்றான்.
வேலை மதியம் ஒன்றரைக்குத்தான்.

பாரிசிலிருந்து இரண்டு மணி நேரம்
என்றிருந்தது தாளில்.
எங்களுக்குப் பத்து ஸ்டேஷன், ஐந்து ரூபாய்.
பெட்டியில் எங்களையும் சேர்த்து நாலு பேர்.
கலங்கரை விளக்கத்தில் இறங்கும்போது
வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று
யாருடைய கைபேசியோ சொல்லிக்கொண்டிருந்தது.

பலகைப் பாதை இருந்தது,
சக்கர நாற்காலிகளுக்காகப் போட்டது.
போன புயல் அதன் நுனியைக் கடித்துத் தின்றிருந்தது.
மிச்சத்தில் நடந்தோம், கைப்பிடித்து அல்ல,
சவரிக்கு ஜனவரியில் கல்யாணம்.
‘சூடான சாக்லேட் அருந்தவும்’:
சைக்கிளில் சுக்குக் காபி.
‘சிப்பி’: கடம்பா பொரிக்கிற சட்டி
மழைக்குக் கவிழ்ந்து கிடந்தது, அடியில் ஒரு நாய்.
‘அதிர்ஷ்டத்தைச் சோதிக்கவும்’:
பலூன் கடைக்காரர் அப்போதுதான் ஊதிக்கொண்டிருந்தார்.
எட்டுக் குண்டில் மூன்று அடித்தேன்.
மூன்றும் சிவப்பு. பரிசு கிடையாது.

‘பிறகு ஒன்றும் செய்ய வேண்டாம், கடலைப் பாருங்கள்.’
பார்த்தோம்.
ஆறு கொட்டிய சேறு கலந்து டீ நிறத்தில் கடல்.
அலை எழும்போதே கத்திக்கொண்டு எழுந்தது.
சவாரிக்கு ஆளில்லாமல் ஒரு குதிரை
கடலுக்கு முதுகைக் காட்டி நின்று நனைந்தது.
அதன் நெற்றியில் பிளாஸ்டிக் பூ.
எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.
சவரி கடிகாரத்தைக் காட்டினான்.

அன்று சாயங்காலம் போன் அடித்தது.
கேமராவைத் திறந்தேன். கறுப்பு.
திரும்பத் திரும்பத் திறந்தேன்.
இன்றைக்குக் கடல் எப்படி இருக்கிறது, நதீன்?

மேசைக்கடியில் என் செருப்பில் மணல்.

டீ நிறம், மதாம், என்றேன். பெரிய அலை. கத்துகிறது.
அந்தப் பக்கம் பேச்சே இல்லை.
குதிரை ஒன்று நிற்கிறது, என்றும் சொல்லிவிட்டேன்.
நனைகிறதா?
நனைகிறது, மதாம்.
சரி, தடித்த சால்வையாக எடுத்து வருகிறேன்.

வருகை பதினெட்டு.
புறப்பாடு பதினெட்டு.
கடல் பார்த்த அறை, குளிர்காலக் கட்டணம்.
அழுத்தினேன். தவறான கடலை விற்றுவிட்டேன் என்று
சவரியிடம் சொன்னேன். அவன் சிரித்தான்.

பதினெட்டாம் தேதி கேமரா சரியாகியிருந்தது.
சாம்பல். அமைதி.
பலகைப் பாதையில் ஒரு புள்ளி,
போகிறது, நிற்கிறது, திரும்பி வருகிறது,
மறுபடி நிற்கிறது.
எதையோ தேடுகிறார் போல, என்றேன்.
குதிரையைத்தான், என்றான் சவரி.